எட்டாம் நம்பர் வீட்டுக்கு ஒரு கை

யாழினி, முகில், புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்ததும் வருகிற மெழுகு வாசனையும், கலைக்கும்போது எழுகிற அந்தப் "படபட" சத்தமும் உங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகப் பிடித்துப்போய்விட்டது என்று தெரிகிறது. போன வாரம் முழுக்க "கழுதை" ஆட்டத்தில் யார் சீட்டை அள்ளுவது என்று அடித்துக்கொண்டு, கடைசியில் "அப்பா, நீயே விதிய எழுதிக் குடு, செவுத்துல ஒட்டிக்கறோம்" என்றீர்கள். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன், கம்பெனியில் ஷிப்டு ரிப்போர்ட் எழுதுவது தவிர நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் விதியை எழுதத் தொடங்கினால் அந்த ஆட்டத்தை நான் ஆடிய கோடை விடுமுறையும் கூடவே வந்து நிற்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். உங்களைப்போல இந்த ஆட்டம் ஆடுகிற வேறு பிள்ளைகளும் படித்தால் நல்லதுதான்.

முதலில் விதி. ஐம்பத்திரண்டு சீட்டையும் ஆளுக்குச் சமமாகப் போட்டுவிட வேண்டும். இஸ்பேட் ஏஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் அதை இறக்கி ஆட்டத்தைத் தொடங்குவார். மற்றவர்களும் ஆளுக்கொரு இஸ்பேட் போட வேண்டும். எல்லோரும் போட்டதும் அந்தச் சீட்டுகள் ஓரமாகப் போய்விடும். பெரிய சீட்டு போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். அவர் ஆர்ட்டின் இறக்கினால் எல்லோரும் ஆர்ட்டின், டைமன் என்றால் டைமன், கிளாவர் என்றால் கிளாவர். கையில் அந்த இனம் இல்லாதவர் வேறு எதையாவது போட்டு "வெட்டலாம்". வெட்டு விழுந்தால் அந்தச் சுற்று அங்கேயே நின்றுவிடும். அதுவரைக்கும் அந்த இனத்தில் பெரிய சீட்டு போட்டவர் கீழே கிடப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு, அவரே மறுபடி தொடங்க வேண்டும். முகில், நீ சண்டை போட்டது இந்த இடத்தில்தான். வெட்டினவன் அள்ளக் கூடாது, அக்கா சொன்னதுதான் சரி. கைச்சீட்டு தீர்ந்தவர் தப்பித்தார். கடைசிவரைக்கும் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை. அவர் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுக் கழுதை மாதிரிக் கத்த வேண்டும்.

சுவரில் ஒட்ட இவ்வளவு போதும். ஆனால் நாங்கள் ஆடியபோது அந்தக் கடைசி விதி மட்டும் வேறு மாதிரி இருந்தது. எங்கள் கழுதை சத்தம் போடாது.

அப்போது நாங்கள் மத்திகிரியில் எட்டு வீட்டு "லைனில்" குடியிருந்தோம். ஒரே வரிசையாக எட்டு அறை, மேலே சிமென்ட் சீட்டுக் கூரை, முன்னால் நீளமாக ஒரு நடைபாதை, அதன் நடுவில் குழாயும் துவைக்கிற கல்லும். சாமல்பட்டியிலிருந்து வந்த எங்கள் குடும்பம் இரண்டாம் நம்பரில் இருந்தது. உங்கள் தாத்தா இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் நைட் ஷிப்டு. எட்டு வீட்டில் ஆறு வீட்டு ஆண்கள் இரவு வேலைக்குப் போய், விடிந்து வந்து, ஜன்னலில் பழைய சேலையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு சாயங்காலம்வரை தூங்குகிறவர்கள். அதனால் எங்கள் லைனில் ராத்திரிதான் பாத்திரச் சத்தமும் ரேடியோவும். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றால் எல்லோரும் செத்துப்போன இடம் மாதிரி இருக்கும். பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து மாடு கத்தினால்தான் உண்டு. மாட்டை யாரும் அதட்ட முடியாதே.

அந்த வருஷம் பரீட்சை முடிந்த வாரத்தில் நான் அடித்த பந்து நாலாம் நம்பர் வீட்டுக் கூரைமேல் "டமார்" என்று விழுந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர் பழனி அண்ணன், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார். அன்று இரவு பிரஸ் மிஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது.

"தூங்க உட்டாத்தானே இந்தப் பசங்க" என்று அவர் மனைவி சுமதி அக்கா நடைபாதையில் நின்று அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டு ஓனரம்மா அன்றே சொல்லிவிட்டார்: இருக்கிற பிள்ளைகள் பகலில் மூச்சு விடக் கூடாது, இனிமேல் காலியாகிற வீடு பிள்ளை இல்லாதவர்களுக்குத்தான். என் அம்மா என் வாயில் விரலை வைத்து, "டேய் குமாரு, உங்கப்பன் தூக்கம் கெட்டுச்சின்னா அவனும் மிஷின்ல கைய உட்ருவான்டா. அப்பறம் நம்ம பொழப்பு என்னாவறது?" என்றாள். எனக்கு வயது பத்து. நான் அப்படியே நம்பினேன். அந்த இரண்டு விரலை வெட்டியது நான்தான்.

பிறகு எங்களுக்கு மிஞ்சியது சீட்டுத்தான். சத்தமில்லாத விளையாட்டு. நாங்கள் மூன்று பேர்: நான், ஆறாம் வீட்டில் கன்னடம் பேசுகிற மஞ்சு, வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஐந்தாம் வீட்டு நாகமணி. அவள் வீட்டில் தெலுங்கு. அவள்தான் மூத்தவள், பன்னிரண்டு வயது. எட்டாம் நம்பர் வாசலில்தான் ஆடுவோம், தூங்குகிறவர்களுக்கு அதுதான் தூரம். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த புருஷனும் பெஞ்சாதியும் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிப் போய், இருட்டினபிறகு திரும்புவார்கள். பிள்ளை இல்லாதவர்கள். பகலெல்லாம் கதவில் பூட்டுத் தொங்கும்.

பேசாமல் ஆடுவதற்கு நாங்களே வழி கண்டுபிடித்தோம். வெட்டு என்றால் ஒரு உள்ளங்கையில் இன்னொரு கையைக் கத்தி மாதிரி வைக்க வேண்டும். அள்ளு என்றால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும். கழுதை ஆனவர் வாயைத் தொண்டை தெரியத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, சத்தமே இல்லாமல் கத்த வேண்டும். நாகமணி அப்படிக் கத்தும்போது எனக்குச் சிரிப்பு வராது.

மூன்று பேருக்குப் போட்டால் ஒரு சீட்டு மிஞ்சும். அதை யாருக்குத் தருவது என்று தினமும் தகராறு. நாகமணிதான் ஒரு நாள் அந்தச் சீட்டை எட்டாம் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, "பூட்டு வீட்டுக்காரருக்கு ஒரு கை" என்று கிசுகிசுத்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடுக்கு இருந்தது. ஆட்டம் முடிந்ததும் விளக்குமாற்றுக் குச்சியால் இழுத்துக்கொள்வோம்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மஞ்சு கிளாவரில் ஒன்பது இறக்கினான். நான் போட்டேன், நாகமணி போட்டாள். சீட்டை ஓரமாகத் தள்ளப் போனபோது கதவுக்கு அடியிலிருந்து ஒரு சீட்டு மெதுவாக நகர்ந்து வெளியே வந்தது. கிளாவர் ஏழு. அதைத் தள்ளிவிட்டு இரண்டு விரல்நுனி தரையில் ஒரு நிமிஷம் நின்றன. பிறகு உள்ளே போய்விட்டன.

நாங்கள் ஓடியது ஒருவருக்கும் கேட்டிருக்காது. பயந்தாலும் நுனிக்காலில் ஓடுகிற அளவுக்குப் பழகியிருந்தோம். குழாயடியில் போய் நின்றதும் மஞ்சு, "தெவ்வா கணோ!" என்றான். பேயாம். நான் பேய் என்று நினைக்கவில்லை. இரண்டு விரல். சரியாக இரண்டே இரண்டு. பழனி அண்ணனுடையது அல்லாமல் வேறு யாருடையதாக இருக்கும்?

"அது சின்னதா இருந்துச்சே" என்றாள் நாகமணி.

"காய்ஞ்சா சுருங்கும்ல" என்று மஞ்சு விளக்கம் சொன்னான். "மாங்கா வத்தல் பாக்கல?"

மறுநாள் போக மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு மறுநாளே போனோம். நாகமணி நாலு கை போட்டாள். பதின்மூன்று சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளியதும் அவை ஒவ்வொன்றாக உள்ளே போயின. அது ஆடியது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே இனத்துக்கு இனம் சரியாகப் போட்டது, இல்லாதபோது வெட்டியது, அள்ள வேண்டியபோது அந்த விரல்கள் வந்து இழுத்துக்கொண்டன. எங்கள் முறை தாமதமானால் தரையை நகத்தால் ஒரு தரம் சுரண்டும். அந்தச் சுரண்டலைக் கேட்டால் என் முதுகில் எறும்பு ஊரும்.

பெரியவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் பந்து கதை திரும்ப வரும். இன்னொன்றும் இருந்தது. ஆடுகிறவரைக்கும் அது உள்ளேயே இருக்கும், ஆட்டத்தை நிறுத்தினால் என்னைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். அதனால் சின்னச் சீட்டு கையில் இருந்தால்கூட ராஜாவையும் ஏஸையும் இறக்கி, வேண்டுமென்றே நான் அள்ளிக்கொள்வேன். அது கழுதை ஆகிவிடக் கூடாது, கோபம் வந்துவிடும்.

அப்படியும் ஒரு நாள் அது தோற்றது. நாங்கள் மூன்று பேரும் கைச்சீட்டுத் தீர்ந்து, உள்ளே மட்டும் மிச்சம். என்ன செய்யும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு அடியிலிருந்து சூடான காற்று "ஹா" என்று வந்தது. தரையில் இருந்த தூசு எங்கள் காலை நோக்கி எழும்பி நகர்ந்தது. சத்தம் இல்லை. விதிப்படி, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் அது கத்தியிருக்கிறது.

மஞ்சு அதன்பிறகு மூன்று நாள் காய்ச்சலில் படுத்தான்.

அவன் எழுந்து வந்த வாரத்தில்தான் அது நடந்தது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. சிமென்ட் சீட்டு அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரிக் காய்ந்தது. ஃபேன் நின்றால் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். எட்டு மணி நேரம் உலைப்பக்கம் நின்றவனுக்கு அதெல்லாம் தெரியாது. நாலு கை போட்டுத் தள்ளினோம். உள்ளே போகவில்லை. தள்ளின இடத்திலேயே சீட்டுகள் கிடந்தன. காத்திருந்தோம். சுரண்டல்கூட இல்லை.

"ஹோயித்து கணோ, ஹோயித்து" என்றான் மஞ்சு. போய்விட்டதாம்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. என்னை விட்டுவிட்டது, போய்விட்டது என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நாகமணிதான் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்து இடுக்கில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமலே, "குமாரு, பாப்பாடா" என்றாள்.

நானும் படுத்துப் பார்த்தேன். ஒரு முழ தூரத்தில் ஒரு முகம் தரையோடு தரையாகக் கிடந்தது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. வாய் திறந்திருந்தது, நாக்கு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கண் பாதி மூடி, மார்பு மட்டும் கோழிக்குஞ்சு மாதிரி வேகவேகமாக அடித்தது. ஐந்து வயதுதான் இருக்கும்.

"உங்கப்பாவ எழுப்பு, ஓடு" என்றாள் நாகமணி. ஓடினேன், நுனிக்காலில். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா பாயில் கிடந்தார். கால்மாட்டில் உட்கார்ந்து, "அப்பா, அப்பா" என்றேன். எனக்கே கேட்காத குரலில். கால் கட்டைவிரலைத் தொட்டேன், அவர் காலை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். உலுக்கியிருக்கலாம். கத்தியிருக்கலாம். அவர் கை என் கண் முன்னால் கிடந்தது, ஐந்து விரலும் முழுதாக. அதைப் பார்த்துக்கொண்டே "அப்பா, அப்பா" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷமோ, பத்து நிமிஷமோ. அங்கே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே நான் தூக்கம் கெடாமல் எழுப்பப் பார்க்கிறேன்.

வெளியே ஒரு சத்தம் வெடித்தது. என்னை எதிர்பார்த்துப் பார்த்து அலுத்துப்போன நாகமணி, குழாயடியிலிருந்த இரும்பு வாளியை எடுத்து எட்டாம் நம்பர் கதவில் மோதிக்கொண்டிருந்தாள். "லேவண்டி! அந்தரூ லேவண்டி! லோபல பாப்ப உந்தி!" எல்லோரும் எழுந்திருங்கள், உள்ளே குழந்தை இருக்கிறது என்று அவள் வீட்டு மொழியில் தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு மாதமாக யாரும் வாயைத் திறக்காத அந்த நடைபாதையில் அந்தக் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

முதலில் வந்தவர் பழனி அண்ணன். கையில் கட்டு, லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "யார்றா அது, உயிர் போற மாதிரி?" என்றார்.

"உள்ள பாப்பா, அண்ணா!"

"லூசாடி நீ? அவங்களுக்கு ஏது கொழந்த?" என்றவர் குனிந்து பார்த்தார். கிடந்த கருங்கல்லை இடது கையால் தூக்கிக் கொண்டியில் போட்டார். நாலாவது அடியில் பூட்டோடு பெயர்ந்து வந்தது. அவர் தண்ணீரை மொண்டு குழந்தையின் தலையில் ஊற்ற, அதற்குள் எழுந்து வந்த என் அப்பா டி.வி.எஸ்ஸை மிதித்துக் கிளப்ப, இரண்டு பேருமாகக் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். திறந்த அறைக்குள் காலியான தண்ணீர்க்குடமும், காய்ந்துபோன எலுமிச்சைச் சோறும் இருந்தன. கதவை ஒட்டி ஒரு பழைய சேலை விரித்திருந்தது. அதில் கன்னம் படுகிற இடம் மட்டும் அழுக்கேறி வட்டமாகக் கறுத்திருந்தது. நாங்கள் ஆட வந்த முதல் நாளிலிருந்து அவள் அங்கேதான் படுத்து எங்களைப் பார்த்திருக்கிறாள்.

பிழைத்துவிட்டாள். வெயில் தாக்கியிருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றினார்கள். பெயர் மாரீஸ்வரி என்பதே ராத்திரிதான் எங்களுக்குத் தெரிந்தது.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அவள் அம்மா, உடைந்த கொண்டியைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தெற்கே விருதுநகர் பக்கத்து ஆள். "புள்ள இருக்குன்னா ஒருத்தரும் வீடு தர மாட்டேங்காகளே, ஊர்ல வச்சுப் பாக்க ஆளில்லக்கா. சத்தம் காட்டுனா தெருவுல விட்ருவாகன்னு நாந்தான் சொல்லிச் சொல்லி வச்சேன். அது அப்பிடியே கேட்டுக்கிருச்சே" என்று சுமதி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஓனரம்மாவுக்கும் நடுக்கம்தான். அதைக் கோபமாகக் காட்டினார். "ஏதாச்சும் ஆயிருந்தா எங்க வாசல்ல இல்ல போலீஸ் வந்து நிக்கும்? நானா புள்ளைங்க வேணாங்கறேன்? ராத்திரி வேலைக்குப் போறவங்க தூங்க வேணாமா? இந்தப் பழனி கையப் பாருங்க!"

"என் கையக் காட்டாதீங்கம்மா" என்றார் பழனி அண்ணன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த மிஷின்ல கை உள்ள போனா நிறுத்தற சென்சாரு ரெண்டு மாசமா வேலை செய்யல. தூக்கக் கலக்கத்துல கைய உட்டேன்னு எழுதிக் குடுத்தா வேலை இருக்கும்னாங்க. எழுதிக் குடுத்தேன். பந்து உழுந்த அன்னிக்கு நான் மறுபடி படுத்து நல்லாத் தூங்கிட்டுத்தான் போனேன்."

"எங்கிட்டகூடவா சொல்லல?" என்று கேட்டுவிட்டு சுமதி அக்கா உள்ளே போய்விட்டார். ஓனரம்மாவும் போய்விட்டார். என் அம்மா என்னை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

மாரீஸ்வரியின் அம்மா வேலையை விட்டுவிட்டு அந்த மாதம் முடியும்வரை மகளோடு இருந்தார். பகலில் கதவு திறந்தே இருந்தது. நாங்கள் அவளை ஆட்டத்துக்குக் கூப்பிட்டோம். வந்து உட்கார்ந்தாள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாளே தவிர, போடத் தெரியவில்லை. அத்தனை கெட்டிக்காரியாக ஆடியவளுக்கு ஒரு இஸ்பேட்டைக்கூட எடுத்து வைக்கத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் குப்புறப் படுத்தாள். கன்னத்தைத் தரையில் வைத்தாள். அங்கிருந்து இரண்டு விரலால் ஒரு சீட்டைத் தள்ளினாள். சரியான சீட்டு.

நாங்களும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டோம். அந்த மாதம் முழுக்க அப்படித்தான் ஆடினோம். பழனி அண்ணன் போகும்போது வரும்போது, "கத்துங்கடா, இனி யாரு கேக்கப் போறா?" என்பார். ஆனாலும் கழுதை ஆனவர் சத்தமில்லாமல்தான் கத்தினோம். வேறு மாதிரி எங்களுக்கு வரவில்லை. மாதம் முடிந்ததும் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அந்த லைன் இப்போது இல்லை. கூரையைப் பிரித்து, எட்டு வீட்டையும் இடித்து, நாலு மாடி கட்டி, கீழே கார் நிறுத்துகிறார்கள். குழாயடி எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே சொல்லத் தெரியாது. மஞ்சு ஆனேக்கல் பக்கம் எங்கோ இருக்கிறான். நாகமணிக்கு எங்கே கல்யாணமாயிற்று என்று தெரியவில்லை. நானும் வாரம் மாறி வாரம் நைட் ஷிப்டு பார்க்கிறேன், பகலில் தூங்குகிறேன். நீங்கள் ஆடும்போது "அப்பா தூங்கறாரு, கத்தாதீங்க" என்று உங்கள் அம்மா அதட்டினால் நான் ஏன் எழுந்து வந்து அவளிடம் சண்டை போடுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். கத்துங்கள். கழுதை என்றால் கத்தத்தான் வேண்டும், அதுதான் விதி.

இதுவரைக்கும் எழுதி முடித்த மறுநாள் காலை, வேலை முடிந்து வந்து நம் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள், அம்மாவும் வேலைக்குப் போயாயிற்று. இரண்டாம் மாடியில் புதிதாக ஒரு வீட்டுக்குக் குடி வந்திருக்கிறார்கள். கதவில் பூட்டு. டிபன் பையைப் படியில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். இந்தக் காலத்துக் கதவில் இடுக்கே விடுவதில்லை. அடியில் கறுப்பு ரப்பர் வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளங்கையால் கதவைத் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மாதிரி ஏதோ ஒன்று கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அந்த மாடியில் இருக்கிற நைட் ஷிப்டுக்காரர்கள் எல்லாம் தூங்குகிற நேரம்.

கையை மடக்கிக்கொண்டு, இன்னும் பலமாகத் தட்டினேன்.